சிங்க்கில் வேண்டாம், சட்டியில் போடுங்கள்

சௌகிட் பாசாரில் ஞாயிறு காலை கோழி வாங்கப் போனால், எடை போட்ட கையோடு வரும் முதல் கேள்வி "12ஆ, 16ஆ?" கறிக்கு என்றால் 16 துண்டு, பொரிக்க என்றால் இன்னும் பெரிதாக. வெட்டி முடித்ததும் அத்தனை துண்டும் ஒரே பிளாஸ்டிக் பையில் விழும். வாயை இறுக்கி ஒரு முடிச்சு. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பை அப்படியே ஃப்ரீசருக்குள் போய்விடும். புதன்கிழமை வெளியே எடுத்தால் 16 துண்டைக் காணோம். ஒன்றரைக் கிலோவில் ஒரே பாறைதான் இருக்கிறது.

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் துணிக்கடையிலும் நகைக்கடையிலும் வேலை பார்ப்பவர்களுக்குப் புதன்கிழமை எப்படி முடியும் என்று தெரியும். கடையைச் சாத்தி, மஸ்ஜித் ஜாமேக்கில் எல்.ஆர்.டி. பிடித்தோ, பேங்க் நெகாரா நிலையம் வரை நடந்துபோய்க் கிள்ளான் கொமியூட்டர் பிடித்தோ வீடு சேரும்போது எட்டு, எட்டரை ஆகிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு அரை மணி முன்னே பின்னே. அதற்குமேல் பாறையை உடைத்துச் சமைப்பது யாரால் ஆகும்? மாமாக் கடையில் ரொட்டி சானாய், அல்லது வீட்டில் முட்டை பொரியல். இப்படி ஆகக்கூடாது என்று நினைக்கும் முன்யோசனைக்காரர்கள் காலை ஏழு மணிக்கே பையை எடுத்து சிங்க்கில் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மாலைக்குள் நன்றாக இளகியிருக்கும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள். உறைந்த கோழியை நேராக அடுப்பில் ஏற்றினால் உள்ளே வேகாது, வயிற்றுக்கு ஆகாது என்பது ஒன்று. வெளியே எடுத்துவைத்து இயல்பாக இளகவிட்டால் நல்லது என்பது இன்னொன்று. அறிவியல் இரண்டையும் திருப்பிப் போடுகிறது. உறைந்த கோழியை நேரே சமைக்கலாம், வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும், உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை நெடுநாளாகச் சொல்லிவருகிறது. சமையல் மேடையில் வைத்து இளக்காதீர்கள் என்று சொல்வதும் அதே துறைதான். அங்கே சமையலறைகள் பெரும்பாலும் நம்முடையதைவிடக் குளிர்ந்தவை. நம் ஊர்ச் சமையலறையில் பூட்டிய ஜன்னலுக்குள் மத்தியானம் 31, 32 டிகிரி சர்வசாதாரணம்.

ஃப்ரீசர் கோழி என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. உயிர்க்கோழியைப் பார்த்து வாங்கிய தலைமுறை அது. சிங்கப்பூரில் 1903இல் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியைக் கப்பலில் இறக்கிய காலத்தில், அது துரைமார் வீட்டுச் சமாசாரம். அந்த முகச்சுளிப்பை 2022 கொஞ்சம் மாற்றியது. தீவன விலை ஏறி, கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, அந்த ஆண்டு ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வரை எல்லை தாண்டிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரின் சிக்கன் ரைஸ் கடைக்காரர்கள் உறைந்த கோழிக்கு மாறலாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இங்கே கட்டுப்பாட்டு விலை கிலோ 8 வெள்ளி 90 காசிலிருந்து ஜூலை 1இல் 9 வெள்ளி 40 காசாக உயர்ந்தது. விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் 1இல் நீக்கப்பட்டது. விலை குறையும்போது இரண்டு மூன்று கோழியாக வாங்கி உறையவைக்கும் பழக்கம் பல வீடுகளில் அந்த நாட்களில் கால் ஊன்றியது. வாங்கிவைத்தார்கள், சரி. எப்படி உறையவைப்பது, எப்படி எடுத்துச் சமைப்பது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கோழி இறைச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். உப்பும் புரதமும் கரைந்த தண்ணீர் என்பதால் அது சுழியத்தில் உறையாது. மைனஸ் 2 அல்லது 3 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். ஃப்ரீசரின் மைனஸ் 18க்கு வரும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் பனிக்கட்டியாகியிருக்கும். இந்தப் பனியை மறுபடி தண்ணீராக்குவதற்குத்தான் பெரிய செலவு. ஒரு கிலோ பனிக்கட்டியை, அதன் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், வெறுமனே தண்ணீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். அதே 334 கிலோஜூல் சுழியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதும்.

இப்போது ஒரு கிலோ கோழிக்குக் கணக்குப் போடுவோம். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் இளகிக் கிடக்கும் கோழியை 75 டிகிரிக்குக் கொண்டுவர 250 கிலோஜூல் அளவில் வேண்டும். மைனஸ் 18இல் இருக்கும் கோழிக்கு முதலில் பனியைச் சூடாக்க ஒரு 35, உருக்க 200க்குச் சற்று மேல், பிறகு வேகவைக்க 260. மொத்தம் 500. உறைந்த கோழிக்கு இரட்டிப்பு வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டு காஸ் அடுப்பை முழுதாகத் திறந்தால் சட்டிக்குள் ஒரு கிலோவாட் அளவில் வெப்பம் இறங்கும். அதிகப்படியான 250 கிலோஜூலைக் கொடுக்க அதற்கு நாலைந்து நிமிடம் போதும்.

பிறகு ஏன் ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கிறது? வெப்பம் கொடுக்கப்படுவதில் தாமதம் இல்லை. உள்ளே போய்ச் சேர்வதில்தான் தாமதம். பலருக்கு வியப்பாக இருக்கும் ஒரு விஷயம் இங்கே உண்டு. பனிக்கட்டி தண்ணீரைவிட நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உறைந்த இறைச்சி, இளகிய இறைச்சியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கோழியை இளக்கும்போது வெளிப்பக்கம்தான் முதலில் இளகும். இளகிய அந்த அடுக்கு வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் போர்வையாகி, உள்ளே இருக்கும் பனியைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறது. இளக இளகப் போர்வை தடிக்கிறது. உறையும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. வெளியே உருவாகும் பனி அடுக்கு உள்வெப்பத்தை வேகமாக வெளியே கடத்திவிடும். ஒரே தடிமன், ஒரே வெப்பநிலை வித்தியாசம் என்றாலும் உறைவதைவிட இளகுவதற்கு நேரம் அதிகம் பிடிப்பது இதனால்தான்.

சிங்க்கில் கிடக்கும் பாறைக்கும் இதே கதி. காலை ஏழு மணிக்கு வைத்த பையின் மூலைகளும் ஓரங்களும் பத்து மணிக்கெல்லாம் அறைவெப்பத்துக்கு வந்துவிடும். நடுவில் பனி பிற்பகல் வரை நிற்கும். சாயங்காலம் வந்து அழுத்திப் பார்ப்பவர் நடுப்பகுதி இன்னும் ஜில்லென்று இருக்கிறதே என்று நிம்மதியடைகிறார். ஓரத்துத் துண்டுகள் பத்து மணியிலிருந்து முப்பது டிகிரியில் கிடந்தன என்பது விரலுக்குத் தெரியாது.

சால்மொனெல்லா கிருமி 7 டிகிரியிலிருந்து 46 டிகிரி வரை பெருகக்கூடியது. உடல் வெப்பத்தில் அரை மணிக்குள் இரட்டிப்பாகும். நம் சமையலறைச் சூட்டில் இன்னும் மெதுவாக, மணிக்கு ஒருமுறைதான் இரட்டிப்பாகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் ஆறு மணி நேரத்தில் 64 மடங்கு. சூட்டில் வெளியே வைக்கும் உணவுக்கு இரண்டு மணி நேரம்தான் எல்லை, 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம் என்ற விதி இந்தப் பெருக்கத்தைக் கணக்கிட்டு வந்தது.

"எப்படியும் கொதிக்க வைக்கத்தானே போறோம், கிருமி செத்துடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சால்மொனெல்லா சாகும். 74 டிகிரியில் கண நேரத்தில், 65 டிகிரியில் என்றால் சில நிமிடங்களில். ஆனால் நம் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி சூட்டில் பெருகும்போது ஒரு நச்சைச் சுரந்துவைக்கிறது. கிருமி கொதியில் செத்தாலும் அந்த நச்சு கொதிக்கு அசையாது. பையிலிருந்து கசிந்த தண்ணீர் வேறு சிங்க்கில் தேங்கி நிற்கும். அங்கேதான் பிறகு தக்காளியும் கொத்தமல்லியும் கழுவப்படும். கறி கொதிக்கும், சலாட் கொதிக்காது.

உறைபதனம் கிருமியைக் கொல்லுமா என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. சால்மொனெல்லாவை அது தூங்கவைக்கும், அவ்வளவுதான். கோழியில் அதிகம் இருக்கும் கேம்பிலோபேக்டர் மட்டும் குளிருக்குச் சற்று பலவீனமானது. ஐஸ்லாந்தில் 1990களின் நடுவில் உறையாத கோழி கடைக்கு வந்த பிறகு கேம்பிலோபேக்டர் நோய் எக்கச்சக்கமாக ஏறியது. 2000 வாக்கில், கிருமி கண்ட பண்ணைகளின் கோழியை உறையவைத்தே விற்க வேண்டும் என்று மாற்றியதும் நோய் சரிந்தது. ஃப்ரீசர் கோழியை மட்டமாகப் பேசுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, உறைந்ததை நேரே சமைக்கலாம். எதை நேரே சமைக்கலாம் என்பதுதான் அடுத்தது. அந்த ஒன்றரைக் கிலோ பாறையைச் சட்டியில் போட்டால் என்ன ஆகும் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியில் இருக்கும் துண்டு குழைந்து நார் நாராகிவிடும். நடுவில் கரண்டியால் குத்தினால் டக் டக் என்று சத்தம் வரும்.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் பிளாங்க் 1913இலேயே இதற்கு ஒரு சமன்பாடு எழுதிவிட்டார். குளிர்பதனத் துறையில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதன் சாரம்: ஒரு பண்டம் உறையவோ இளகவோ ஆகும் நேரத்தில், உள்ளுக்குள் வெப்பம் பயணம் செய்யும் பங்கு தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் இரட்டித்தால் அந்த நேரம் நான்கு மடங்கு. முடிச்சுப் போட்ட பை 8 சென்டிமீட்டர் தடிமன், தட்டையாகப் பரப்பிய பை 2 சென்டிமீட்டர் என்றால் கணக்குப்படி 16 மடங்கு வித்தியாசம். மேற்பரப்புக்குச் சூடு வந்து சேரும் நேரம் இருமடியில் ஏறாது என்பதால் நடைமுறையில் இது குறையும். குறைந்தாலும் நான்கு மடங்குக்குக் கீழே போகாது.

பாசாரில் 16 துண்டாக வெட்டிக் கொடுப்பவர் பிளாங்கைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் கத்தி செய்தது சரியான காரியம். கெடுத்தது அந்த முடிச்சு. வேகமாகச் சமைக்கட்டும் என்று சிறிதாக வெட்டி வாங்கிய துண்டுகளை மறுபடி ஒட்டவைத்து முழுக்கோழியைவிட மோசமாக்கிவிடுகிறோம். புதன்கிழமை இரவுச் சமையல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கட்சி.

செய்யவேண்டியது இவ்வளவுதான். துண்டுகளின் ஈரத்தைத் துடைத்து, ஒரு வேளைக்கு ஆகும் அளவை மட்டும் ஒரு ஜிப் பையில் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, ஒரு தட்டின்மேல் கிடையாக வைத்து உறையவிட வேண்டும். உறைந்த பிறகு புத்தகம் அடுக்குகிறமாதிரி நிறுத்திவைக்கலாம், இடமும் மிச்சம். இன்னும் பொறுமை உள்ளவர்கள் துண்டுகளைத் தனித்தனியாகத் தட்டில் உறையவைத்து, பிறகு பையில் கொட்டிக்கொள்ளலாம். சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் உறைந்த இறக்கை, கால் பைகளில் துண்டுகள் ஒட்டாமல் கலகலவென்று உதிர்வது இந்த வழியால்தான்.

தட்டையாக உறையவைப்பதில் சுவைக்கும் ஆதாயம் உண்டு. மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசையைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை. கனடாவின் லாப்ரடார் பனிவெளியில் இனுயிட் மக்கள் கடுங்குளிர்க் காற்றில் மீனைச் சட்டென்று உறையவைப்பதையும், அது மாதங்கள் கழித்தும் புதுமீனின் ருசியோடு இருப்பதையும் பார்த்துத்தான் கிளேரன்ஸ் பேர்ட்ஸ்ஐ விரைவு உறைபதனத்துக்கு வந்தார். 1930இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவுப் பொட்டலங்கள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. அவர் கையாண்டதும் இதே தந்திரம். தட்டையான பொட்டலத்தை இரண்டு குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு இடையே அழுத்தினார். நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் வராது. என்றாலும் உருண்டைக்கும் தட்டைக்கும் உள்ள வித்தியாசம் நம் கையில்தான் இருக்கிறது.

மசாலா தடவியே உறையவைக்கலாமா? உப்பும் மஞ்சளும் இஞ்சி பூண்டு விழுதும் தடவலாம், நன்றாகவே இருக்கும். உறைந்த துண்டின்மேல் பிறகு மசாலா தடவுவது வீண்வேலை. பனிமேல் எதுவும் ஊறாது. உறைவதற்கு முன் தடவிய உப்பு மட்டும் கொஞ்ச தூரம் உள்ளே போகும். மற்ற மணங்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிற்கும். ஒரு எச்சரிக்கை: உப்பு, கோழிக் கொழுப்பு சிக்கு வாடை பிடிப்பதை வேகப்படுத்தும். உப்புத் தடவிய பையை மாதக்கணக்கில் மறந்துவிடாமல் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்துவிடுவது நல்லது.

இனி அடுப்படி. தட்டைப் பையிலிருந்து எடுத்த கோழியில் கறியோ பிரட்டலோ செய்யும்போது, நம் வழக்கமான வரிசையில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சாதாரணமாக வெங்காயம் வதக்கி, மசாலா கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் கோழியைப் போட்டுவிடுவோம். கோழியோடு சேர்ந்து மசாலாவும் வதங்கும் என்ற தைரியம். உறைந்த கோழியிடம் அந்தத் தைரியம் செல்லாது. அது விழுந்த நொடியிலிருந்து சட்டியில் தண்ணீர் ராஜ்ஜியம். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. மசாலா வறுபட்டு மணம் எழ அதைவிட நல்ல சூடு வேண்டும். ஆகவே கறித்தூளை எண்ணெயில் முழுதாக வதக்கி முடித்துவிட வேண்டும். முடிந்ததா என்று காட்ட நம் சமையலில் ஏற்கனவே ஓர் அளவுகோல் இருக்கிறது: எண்ணெய் பிரிவது. ஓரத்தில் எண்ணெய் கசிந்து சட்டி சலசலப்பை விட்டுச் சீறத் தொடங்கினால், விழுதில் இருந்த தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகிவிட்டது, சூடு 100ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது போடுங்கள் கோழியை.

போட்டதும் அடுப்பை முழுதாகத் திறந்து மூட வேண்டும். காரணத்தைக் கணக்கில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஒரு கிலோ கொதிக்கும் குழம்பில் 4 டிகிரி கோழி ஒரு கிலோ போட்டு, அடுப்பை அணைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும் என்று விட்டால் 55 டிகிரியில் வந்து நிற்கும். அதையே உறைந்த கோழியாகப் போட்டால் 20 டிகிரி. கொதித்த குழம்பு அறைவெப்பத்துக்கும் கீழே. அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் நிஜத்தில் அவ்வளவு இறங்காது. ஆனாலும் சிறு தீயில் வைத்து நிதானமாகச் செய்கிறேன் என்று கிளம்பினால், சட்டி முழுதும் கிருமிக்குப் பிடித்த சூட்டில் நீண்ட நேரம் கிடக்கும். மின்சார ஸ்லோ குக்கரில் உறைந்த கோழி போடாதீர்கள் என்று பல கையேடுகள் சொல்வது இதனால்தான். மறுபடி கொதி வந்த பிறகு தீயைக் குறைக்கலாம்.

தண்ணீர் ஊற்றாதீர்கள், அல்லது மிகக் குறைவாக ஊற்றுங்கள். சிங்க்கில் இளக்கியிருந்தால் வடிந்து சாக்கடைக்குப் போயிருக்கும் சாறெல்லாம் இப்போது குழம்பில் இறங்கும். கடையில் வாங்கிய உறைந்த துண்டுகளின்மேல் மெல்லிய பனிப்பூச்சும் சேர்ந்திருக்கும். துண்டுகள் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் கரண்டி பட்டதும் பிரியும். பிறகு கடைசிப் பத்து நிமிடம் மூடியைத் திறந்து வற்றவிட்டால் பிரட்டல். தேங்காய்ப்பால் ஊற்றுவதானால் அதுவும் கடைசியில்தான்.

கால், தொடைத் துண்டுகள் இதற்கு ஏற்றவை. நெஞ்சு இறைச்சி 70 டிகிரியைத் தாண்டினால் சாறு பிழிந்து வறண்டுபோகும். உறைந்த துண்டில் நடுப்பகுதி 74ஐத் தொடும்போது வெளிப்பகுதி அதைவிட வெகுநேரம் சூட்டில் கிடந்திருக்கும். காலில் இருக்கும் கொலாஜன் அந்த நீண்ட சூட்டில் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. நெஞ்சுக்குத் தண்டனையாவது காலுக்குப் பதமாகிறது. கம்போங் கோழிக்குச் சொல்லவே வேண்டாம், அது எப்படியும் ஒரு மணி நேரக்காரன்.

பொரிப்பதற்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. உறைந்த பச்சைக் கோழியைக் கொதிக்கும் எண்ணெயில் போடவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். அடியில் 170, 180 டிகிரி சூட்டில் ஒரே வீச்சில் நீராவியாகி, தன் பருமனைப்போல ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். ஒரு கிராம் பனி, ஒன்றே முக்கால் லிட்டர் ஆவி. அது எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குவாலிக்கு வெளியே பொங்கி அடுப்பில் விழுந்தால் தீ. அயாம் கோரெங் பெரெம்பா தின்ன ஆசையென்றால் முந்தின இரவே பையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டியதுதான். முழுக்கோழியும் உறைந்தபடியே சட்டியில் போடும் வழிக்கு ஒத்துவராது.

மறந்துபோனால் தண்ணீர் முறை இருக்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஓட்டையில்லாத பையை அதில் மூழ்கவைத்தால் வேகமாக இளகும். மேல்நாட்டுக் கையேடுகள் குளிர்ந்த குழாய்த்தண்ணீர் என்று எழுதுகின்றன. அமெரிக்க உணவு விதி ஓடும் தண்ணீருக்கு வைக்கும் மேல் எல்லை 21 டிகிரி. கோலாலம்பூரில் குழாயைத் திறந்தால் வருவதே 27, 28. அதனால் ஒன்றரைக் கிலோ உருண்டையை வாளியில் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போகாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் தட்டைப் பை என்றால் அரை மணிக்குள் இளகிவிடும், உடனே சமைத்துவிட்டால் நம் தண்ணீரே போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பெரியவர்களிடமிருந்து ஒரு எதிர்ப்பு வரும். "ஏம்மா, கழுவாம எப்படிச் சட்டியில போடுறது?" மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாத கோழி நம் வீடுகளில் கோழியே இல்லை. உறைந்த துண்டைக் கழுவவும் முடியாது, கழுவினால் பனிதான் வழுக்கும். இதற்குச் சமரசம், கழுவுவதையும் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுவது. கழுவுவதால் கிருமி போகாது என்பதையும் தெரிந்துகொண்டே கழுவலாம். அமெரிக்க வேளாண் துறையும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கழுவியபின் கிருமி இருந்தது. 26 சதவீதம் பேரின் சலாட் இலைக்கே அது போய்ச் சேர்ந்திருந்தது. நம் பாசார்க் கோழியில் எலும்புத் தூளும் ரத்தக்கட்டியும் இருப்பது உண்மை, அதை எடுக்கக் கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் சரி. குழாயை வேகமாகத் திறந்து தெறிக்கவிடாமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை மெதுவாகக் கொட்டி, சிங்க்கைச் சோப்பால் தேய்த்துவிடுங்கள். வாரத்தில் ஒருமுறை செய்யும் காரியத்தை ஒழுங்காகச் செய்யலாம். புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு யார் சிங்க் தேய்ப்பார்கள்?

உறைந்த கோழிக் கறியைப் பரிமாறும்போது அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று பாக்கி. எலும்பை ஒட்டிய சதை கறுஞ்சிவப்பாக, சில இடத்தில் கறுப்பாகவே இருக்கும். வேகவில்லையோ, பழைய கோழியோ என்று தட்டிலிருந்து ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. ஆறு ஏழு வாரத்துக்குள் வளர்ந்துவிடும் பண்ணைக்கோழியின் எலும்பு முழுதாகக் கெட்டிப்படாமல் நுண்துளைகளோடு இருக்கிறது. உறையும்போது மஜ்ஜையில் உள்ள செந்நிறப்பொருள் அந்தத் துளைகள் வழியே சதைக்குள் கசிகிறது, வெந்ததும் கறுக்கிறது. தின்பதற்குக் கெடுதல் இல்லை. எதிர்ப்பக்கமும் உண்மை: வெள்ளையாகத் தெரியும் சதை 74 டிகிரியைத் தொட்டிருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நிறத்தை நம்பிப் பயனில்லை என்பதால், குத்திப் பார்க்கும் சிறு வெப்பமானி ஒன்று அடுப்பருகே இருந்தால் நல்லது. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல், நடு வரை செருகிப் பாருங்கள். அது 74 காட்டினால் சோற்றைப் போடலாம்.